கல்லீரலில் உரத்த குரல், மூளையில் முணுமுணுப்பு

அமெரிக்காவில் ரப்பர் தொழிற்சாலை ஒன்றின் மருத்துவர் 1937-ஆம் ஆண்டு ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். ரப்பரைப் பதப்படுத்தப் பயன்படும் ஒரு கந்தகச் சேர்மத்தைக் கையாண்ட தொழிலாளர்களால் மதுவைத் தொடவே முடியவில்லை. கொஞ்சம் குடித்தாலும் முகம் சிவந்தது, நெஞ்சு படபடத்தது, உடல் துவண்டது. அவர்களில் பலர் குடியையே விட்டுவிட்டார்கள். குடிநோய்க்கு இதுவே மருந்தாகுமோ என்று அவர் அப்போதே எழுதி வைத்தார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பத்தாண்டுகள் கழித்து டென்மார்க்கில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாகோப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அதே குடும்பத்தைச் சேர்ந்த டைசல்ஃபிரம் என்ற பொருளைக் குடற்புழு மருந்தாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அக்கால வழக்கப்படி மாத்திரையைத் தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு மது அருந்தியபோது ரப்பர் தொழிலாளர்களுக்கு நேர்ந்த அதே அவஸ்தை இவர்களுக்கும் வந்தது. புழு மருந்து என்ற எண்ணம் கைவிடப்பட்டது. 1948-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் குடிநோய்க்கான முதல் நவீன மருந்து பிறந்தது.

அந்த மாத்திரை செய்யும் வேலையை, உலகில் ஏறக்குறைய 54 கோடிப் பேருக்கு அவர்கள் பிறக்கும்போதே மரபணு செய்து முடித்துவிடுகிறது. மருந்தும் மரபணுவும் ஒரே நொதியைத்தான் முடக்குகின்றன. மதுவுக்கும் மரபுக்கும் உள்ள உறவில் நமக்கு மிகத் தெளிவாகத் தெரிந்த பகுதி இது. மற்ற பகுதிகள் இவ்வளவு தெளிவாக இல்லை. ஆனால் மேடைகளிலும் விளம்பரங்களிலும் பேசுகிறவர்கள் இந்தத் தெளிவைக் கடன் வாங்கி எல்லாவற்றுக்கும் பூசிவிடுகிறார்கள்.

உடலுக்குள் மது இரண்டு கட்டங்களாகச் சிதைகிறது. முதலில் கல்லீரலில் உள்ள ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதி எத்தனாலை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. இது நச்சு. அடுத்து ஏ.எல்.டி.எச்.2 என்ற இன்னொரு நொதி அந்த நச்சைத் தீங்கற்ற அசிட்டேட்டாக மாற்றுகிறது. முதல் நொதி அளவுக்கு மீறி வேகமாக ஓடினாலோ, இரண்டாவது நொதி முடங்கினாலோ, நடுவில் அசிட்டால்டிஹைடு தேங்குகிறது. முகச் சிவப்பும் குமட்டலும் படபடப்பும் அதனால் வருபவையே.

கிழக்காசிய மக்களில் மூன்றில் ஒருவருக்கு மேல், ஏ.எல்.டி.எச்.2 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. ஓர் எழுத்துதானே என்று தோன்றலாம். ஆனால் அந்த நொதி நான்கு துண்டுகள் சேர்ந்து இயங்குவது. அவற்றில் ஒன்று பழுதானாலும் முழு நொதியின் திறனும் பெரிதும் சரிந்துவிடும். தாயிடமிருந்து நல்ல பிரதியும் தந்தையிடமிருந்து பழுதான பிரதியும் பெற்ற ஒருவருக்கு நொதியின் திறன் பாதியாகக் குறையும் என்றுதான் நாம் கணக்குப் போடுவோம். துண்டுகள் தற்செயலாகச் சேர்கின்றன என்று கொண்டால், நான்கும் நல்லவையாக அமைய 16-இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. அதனால் அவருக்கு மிஞ்சும் திறன் பாதியைவிட வெகு குறைவு. இரண்டு பிரதிகளும் பழுதானவர்களோ குடிக்க முயன்றாலும் உடல் விடுவதில்லை.

அப்படியானால் இந்த மரபணு இருப்பவர்களுக்குக் குடிநோயே வராது என்று சொல்லிவிடலாமா? 1994-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு இந்த இடத்தில் நம்மை நிறுத்துகிறது. குடிநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஜப்பானியர்களில், பழுதான பிரதி ஒன்றைக் கொண்டவர்களின் பங்கு 1979-இல் 2.5 சதவீதம். 1986-இல் அது 8 சதவீதம் ஆனது. 1992-இல் 13 சதவீதம். பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு நாட்டின் மரபணுக்கள் மாறுவதில்லை. மாறியது அந்த நாட்டில் குடி இருந்த இடம். சக ஊழியர்களோடு குடிப்பது பழக்கமாகவும் எதிர்பார்ப்பாகவும் ஆன ஒரு சமூகத்தில், உடல் எழுப்பும் எச்சரிக்கையை மீறிப் பலர் குடிக்கப் பழகிக்கொண்டார்கள். இரண்டு பிரதிகளும் பழுதானவர்கள் மட்டும் அந்த நோயாளிகளிடையே ஒருவர்கூட இல்லை. மரபணு முழு வலிமையோடு தடுத்த இடத்தில் சமூகத்தால் நுழைய முடியவில்லை. அரைகுறையாகத் தடுத்த இடத்தில் சமூகம் வென்றது. மரபும் சூழலும் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ கட்டுரைகளைவிட இந்த மூன்று எண்கள் எனக்கு அதிகம் கற்றுத்தந்தன.

அப்படி மீறிக் குடிப்பவர்கள் அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. அசிட்டால்டிஹைடு டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துவது; மது அருந்துவதோடு சேர்ந்து வரும் அசிட்டால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது. ஒரு பிரதி பழுதாகியும் தொடர்ந்து குடிப்பவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோயின் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். முகம் சிவப்பதை மறைக்க அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் பழக்கம் ஒன்றும் பரவியிருக்கிறது. அது சிவப்பைக் குறைக்குமே தவிர நச்சை அகற்றாது. தீப்பிடித்த வீட்டில் எச்சரிக்கை மணியின் மின்கம்பியை மட்டும் அறுத்துவிடுகிற வேலை இது.

இதே மரபணு வேறொரு பழைய நம்பிக்கையையும் சோதிக்க உதவியது. கொஞ்சமாகக் குடிப்பது இதயத்துக்கும் மூளைக்கும் நல்லது என்று மக்களின் பழக்கத்தைக் கேட்டுப் பதிவு செய்து ஒப்பிடும் வகை ஆய்வுகள் பல காலமாகச் சொல்லிவந்தன. அவற்றின் சிக்கல், குடிக்காதவர்கள் என்ற பட்டியலில் நோய் வந்ததால் குடியை விட்டவர்களும் கலந்திருப்பார்கள் என்பது. சீனாவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, அவர்களில் சுமார் 1,60,000 பேரின் மரபணுவைப் பார்த்து 2019-இல் முடிவை வெளியிட்டது. குடிக்க விடாத மரபணு உள்ள ஆண்கள் குறைவாகக் குடித்தார்கள். அந்த மரபணு பிறப்பில் தற்செயலாக அமைந்தது. ஆகவே இயற்கையே சீட்டுக் குலுக்கி மக்களைப் பிரித்துவைத்த சோதனை இது. அந்த ஆய்வில் இருந்த பெண்களில் மிகச் சிலரே குடிப்பவர்கள் என்பதால் அவர்கள் ஒப்பீட்டுக் குழுவாகக் கிடைத்தார்கள்: அதே மரபணு இருந்தும் அவர்களிடம் பக்கவாத ஆபத்தில் வித்தியாசம் இல்லை. ஆண்களிடம் குடி கூடக் கூடப் பக்கவாத ஆபத்தும் நேராக ஏறியது. மிதமான குடி பக்கவாதத்திலிருந்து காக்கிறது என்பதற்கான தடயம் கிடைக்கவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கல்லீரல் சார்ந்த கதை. ஒரு மரபணு, ஒரு நொதி, ஒரு நச்சு. காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவில் இரண்டு மூன்று படிகள்தான். மூளைக்குள் நுழைந்ததும் படிகள் நூறாகின்றன.

குடிநோய் குடும்பங்களில் தொடர்வது எல்லோரும் கண்டதே. அது வளர்ப்பினாலா பிறப்பினாலா என்பதைப் பிரித்தறிய டென்மார்க்கின் தத்துப் பதிவேடுகள் 1970-களில் பயன்பட்டன. குடிநோயாளியான பெற்றோருக்குப் பிறந்து, குழந்தையிலேயே வேறு வீட்டுக்குத் தத்துப் போன ஆண்களில் 18 சதவீதத்தினர் பின்னாளில் குடிநோய்க்கு ஆளாகியிருந்தார்கள். அப்படிப்பட்ட பெற்றோர் இல்லாத தத்துப் பிள்ளைகளில் இது 5 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனால் பின்னர் வந்த பெரிய இரட்டையர் ஆய்வுகளும் மரபின் பங்கு சுமார் 50 சதவீதம் என்ற இடத்திலேயே வந்து நின்றன. 18 சதவீதம் என்ற எண்ணின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும்: அந்தப் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் குடிநோய் வரவில்லை.

அந்த 50 சதவீதம் என்ற எண் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஒருவருடைய குடியில் பாதி தந்தையிடமிருந்து வந்தது, மீதி நண்பர்களிடமிருந்து வந்தது என்று அதற்குப் பொருளில்லை. ஒரு குறிப்பிட்ட மக்கள் தொகுதியில், ஒரு குறிப்பிட்ட காலத்தில், மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் எவ்வளவை மரபு வேறுபாட்டோடு பொருத்தலாம் என்பதுதான் அந்த எண். தொகுதி மாறினால் எண்ணும் மாறும். பின்லாந்தின் இரட்டையர் ஆய்வுகளில், நகரங்களில் வளர்ந்த இளைஞர்களின் குடியில் மரபின் பங்கு பெரிதாகவும் கிராமங்களில் வளர்ந்தவர்களிடம் சிறிதாகவும் இருந்தது. ஆஸ்திரேலிய இரட்டைப் பெண்களிடம் திருமணமானவர்களைவிடத் திருமணமாகாதவர்களிடம் மரபின் பங்கு கூடுதலாக இருந்தது. கண்காணிப்பும் கட்டுப்பாடும் உள்ள சூழலில் மரபணுவுக்கு ஆட இடமில்லை. கட்டு அவிழ்ந்த இடத்தில் அது தன் போக்கைக் காட்டுகிறது.

அந்தப் போக்கு எப்படிப்பட்டது? நம் எதிர்பார்ப்புக்கு நேர்மாறானது. கொஞ்சம் குடித்ததும் தள்ளாடுகிறவனைப் பார்த்து 'இவன் தாங்கமாட்டான், சீரழிந்துவிடுவான்' என்றும், எவ்வளவு குடித்தாலும் நிமிர்ந்து நிற்பவனை 'தாங்குவான்' என்றும் சொல்வது வழக்கம். அமெரிக்க மனநல மருத்துவர் மார்க் ஷக்கிட் 1970-களின் பிற்பகுதியில் தொடங்கி, 453 இளைஞர்களுக்குச் சுமார் 20 வயதில் அளவாக மது கொடுத்து, உடல் தள்ளாட்டத்தையும் அவர்கள் உணர்ந்த போதையையும் அளந்து, பத்தாண்டுகள் கழித்து மீண்டும் அவர்களைத் தேடிப் போனார். குடிநோயாளிகளின் மகன்களில், இளமையில் மதுவின் தாக்கம் குறைவாக இருந்தவர்களில் 56 சதவீதத்தினர் குடிநோயாளிகளாகியிருந்தார்கள். தாக்கம் அதிகமாக இருந்தவர்களில் இது 14 சதவீதம் மட்டுமே. நான்காவது கோப்பைக்குப் பிறகும் ஒன்றும் ஆகவில்லை என்றால் ஐந்தாவதை நிறுத்த உடலில் எந்த அறிகுறியும் எழுவதில்லை. அதே அளவு தாங்கும் நண்பர்களையும் அவர்கள் தேடிக்கொள்கிறார்கள். 'தாங்குவான்' என்ற பாராட்டு உண்மையில் ஒரு நோய்க்குறி.

குடிநோய்க்கு ஒற்றை மரபணுவைத் தேடிய காலம் ஒன்று இருந்தது. 1990-இல், மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருளின் ஏற்பி மரபணுவான டி.ஆர்.டி.2-இன் ஒரு வகை, குடிநோயாளிகளிடம் மிக அதிகமாகக் காணப்பட்டது என்ற ஆய்வு வெளியாகி, 'குடி மரபணு கிடைத்துவிட்டது' என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 70 பேர். மற்றவர்கள் செய்துபார்த்தபோது பலருக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. இதில் ஒரு நகைச்சுவையும் உண்டு: அவர்கள் சுட்டிக்காட்டிய அந்த மாற்றம், டி.ஆர்.டி.2-க்குள் இல்லாமல் பக்கத்து வீட்டு மரபணுவில் இருந்தது என்று பிறகு தெரிந்தது.

இன்றைய ஆய்வுகள் வேறு அளவில் நடக்கின்றன. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தொகுதியை அலசி, சிக்கலான குடிப்பழக்கத்தோடு தொடர்புடைய 110 பகுதிகளைக் கண்டது. ஒவ்வொன்றின் தனிப் பங்கும் மிகச் சிறியது. வரிசையில் முன்னால் நிற்பவை இப்போதும் கல்லீரல் நொதி மரபணுக்களே. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்த பெரிய ஆய்வு இன்னொன்றையும் காட்டியிருந்தது. எவ்வளவு குடிக்கிறார் என்பதன் மரபும், குடியால் வாழ்க்கை குலைகிறதா என்பதன் மரபும் ஓரளவுதான் ஒன்றுபடுகின்றன. இரண்டாவது, மனச்சோர்வு போன்ற மனநோய்களின் மரபோடு கைகோத்து நிற்கிறது. நிறையக் குடிப்பதும் குடியில் சிக்குவதும் ஒன்றில்லை என்று குடிநோயாளிகளோடு பழகும் எவரும் சொல்வார். மரபணுக்களும் அதையே சொல்கின்றன.

சரி, சிகிச்சைக்கு இதனால் என்ன பயன்? கேள்வி நியாயமானது. குடிநோய்க்கு நல்ல சான்றுள்ள மருந்து நால்ட்ரெக்சோன். மது மூளையில் எண்டார்பின்களைச் சுரக்கவைத்துத் தரும் இன்பத்தின் வாசலை அது அடைக்கிறது. அமெரிக்காவில் 1994 முதல் குடிநோய்க்கு அங்கீகரிக்கப்பட்டது. தொகுத்துப் பார்த்தால், சுமார் 11 பேருக்குக் கொடுக்கும்போது, மருந்து இல்லாவிட்டால் கடும் குடிக்குத் திரும்பியிருக்கக்கூடிய ஒருவர் காப்பாற்றப்படுகிறார். மருத்துவ உலகில் இது மோசமான எண் இல்லை. ஆனால் அந்த ஒருவர் யார் என்று முன்பே தெரிந்தால்?

எண்டார்பின்கள் வந்து ஒட்டும் இடமும் நால்ட்ரெக்சோன் சென்று அடைக்கும் இடமுமான ஓப்பியாய்டு ஏற்பியின் மரபணு ஓ.பி.ஆர்.எம்.1. அதன் 118-ஆம் இடத்தில் ஏ என்ற மரபணு எழுத்துக்குப் பதில் ஜி உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மருந்து கூடுதலாக வேலை செய்கிறது என்று 2003-இல் ஓர் ஆய்வு சொன்னது. 1,383 பேர் கலந்துகொண்ட பெரிய அமெரிக்கச் சோதனையின் மரபணுத் தரவு 2008-இல் வெளியானபோது நம்பிக்கை உச்சத்துக்குப் போனது. கூடுதல் உளவியல் சிகிச்சை இல்லாத பிரிவில், ஜி வகை உள்ளவர்களில் மருந்து பெற்றோரில் 87 சதவீதத்தினருக்கு நல்ல பலன். மருந்துப்போலி பெற்றோரில் 49 சதவீதம். மற்ற மரபணு வகையினருக்கோ மருந்தும் போலியும் ஒன்றுபோலவே சுமார் 54 சதவீதம். இதைப் பார்த்த எவருக்கும் விடை கையில் கிடைத்துவிட்டதாகவே தோன்றியிருக்கும்.

ஆனால் இவையெல்லாம் சோதனை முடிந்தபின் பின்னோக்கிப் பிரித்துப் பார்த்தவை. முதலிலேயே மரபணுவைப் பார்த்து, இரு வகையினரையும் தனித்தனியே மருந்துக்கும் போலிக்கும் ஒதுக்கிச் செய்த சோதனை 2015-இல் வந்தது. 221 பேர். மரபணுவால் பலனில் வேறுபாடு இருப்பதற்கான சான்று கிடைக்கவில்லை. 2003 ஆய்வை முன்னின்று நடத்தியவரே இதையும் நடத்தினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். தன் கண்டுபிடிப்பைத் தானே உரசிப் பார்த்து, முடிவை ஒளிக்காமல் வெளியிடும் நேர்மை எல்லாத் துறையிலும் கிடைப்பதில்லை. டோபிராமேட் என்ற மற்றொரு மருந்தின் கதையும் இதே பாதையில் போனது. 2014-இல் ஒரு குளுட்டமேட் ஏற்பி மரபணு வகை உள்ளவர்களுக்கே அது பலன் தருவதாகத் தெரிந்தது. பிறகு திட்டமிட்டுச் செய்த சோதனையில் மருந்து பலன் தந்தது, மரபணு வகையால் அந்தப் பலனில் வேறுபாடு தெரியவில்லை.

ஏன் இப்படி நழுவுகிறது? ஏற்பியின் வடிவம் சற்று மாறுவதற்கும், ஒருவர் மூன்று மாதம் கழித்துக் குடிக்கிறாரா இல்லையா என்பதற்கும் நடுவில் மொத்த வாழ்க்கையே கிடக்கிறது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டாரா, வேலை இருக்கிறதா, தூக்கம் வருகிறதா, வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த இடைவெளியில் வந்து விழுகின்றன. ஒற்றை எழுத்தின் குரல் அந்த இரைச்சலில் அமுங்கிப்போகிறது.

இதற்கு மாறான உதாரணம் புகையிலையில் கிடைக்கிறது. அது மறுபடியும் கல்லீரல் கதைதான் என்பதைக் கவனியுங்கள். நிகோடினைச் சிதைக்கும் சி.ஒய்.பி.2ஏ6 என்ற நொதி சிலருக்கு வேகமாகவும் சிலருக்கு மெதுவாகவும் இயங்குகிறது. 1,246 புகைப்பவர்களை வைத்து 2015-இல் வெளியான சோதனையில், மரபணுவை நேரடியாகப் படிக்காமல், இரத்தத்தில் நிகோடினின் சிதைபொருள்கள் இரண்டின் விகிதத்தை அளந்தார்கள். இயல்பான வேகத்தில் சிதைப்பவர்கள் புகையை விட, தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையைவிட வரெனிக்லின் என்ற மாத்திரை தெளிவாக மேலானதாக இருந்தது. மெதுவாகச் சிதைப்பவர்களுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே பலன். ஆனால் மாத்திரையின் பக்கவிளைவு அவர்களுக்குக் கூடுதல். ஒரு மருத்துவர் நாளையே பயன்படுத்தக்கூடிய தகவல் இது.

சந்தை இந்த நுணுக்கங்களுக்குக் காத்திருப்பதில்லை. அபின் வகை வலிநிவாரணிகளான ஓப்பியாய்டுகளுக்கு அடிமையாகும் ஆபத்தை முன்கூட்டியே சொல்வதாக, 15 மரபணு மாற்றங்களைப் பார்க்கும் அவெர்ட்-டி என்ற சோதனை ஒன்றை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023 டிசம்பரில் அங்கீகரித்தது. அதன் சொந்த ஆலோசனைக் குழு முந்தைய ஆண்டு 11-க்கு 2 என்ற கணக்கில் எதிராக வாக்களித்திருந்தது. இத்தகைய சோதனைகள் உண்மையில் அடிமைத்தனத்தின் மரபை விட்டுவிட்டு வம்சாவளி வேறுபாடுகளையே அளந்துவிடக்கூடும் என்று மரபியலாளர்கள் எச்சரித்திருந்தார்கள். 'உனக்கு ஆபத்து இல்லை' என்று அச்சடித்த தாள் கையில் வந்தபின் ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்பதை நினைத்தால் எனக்கு அச்சமாகவே இருக்கிறது. குடும்பத்தில் யாருக்கேனும் குடிநோய் உண்டா, முதன்முதலில் குடித்தபோது எவ்வளவில் போதை ஏறியது, முகம் சிவந்ததா என்ற மூன்று கேள்விகளுக்குச் செலவு இல்லை. இன்றைய நிலையில் மரபு பற்றி அவை தரும் செய்தி குறைந்ததும் இல்லை.

டைசல்ஃபிரமுக்கும் இதே பாடம் உண்டு. மரபணு செய்வதை அப்படியே செய்யும் மாத்திரை என்றாலும், மரபணுவைக் கழற்றி வைக்க முடியாது. மாத்திரையைப் போடாமல் இருந்துவிடலாம். ஆகவே வீட்டில் ஒருவரோ செவிலியரோ பக்கத்தில் நின்று கொடுக்கும்போதுதான் அது நன்றாக வேலை செய்கிறது.

யாருக்கு எந்த மருந்து என்ற ஆராய்ச்சி தொடரத்தான் வேண்டும். இதற்கிடையில் அமெரிக்காவின் 2019-ஆம் ஆண்டுத் தேசியக் கணக்கெடுப்பில், குடிநோய் இருந்தவர்களில் அதற்கென அங்கீகரிக்கப்பட்ட மருந்து ஏதேனும் ஒன்றைப் பெற்றவர்கள் 1.6 சதவீதம். மற்றவர்களின் 118-ஆம் இடத்தில் ஏ இருந்ததா ஜி இருந்ததா என்று பார்க்கும் தேவையே எழவில்லை. அவர்களுக்கு யாரும் மருந்துச் சீட்டு எழுதியிருக்கவில்லை.